சாம்பிள் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை

நின்றுபோன வண்டிக்கு உதவி கேட்டவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு, ஒரே மாதத்தில் மூன்று தடவை, ஆள் வரவழைத்து உதவி வாங்கியவள் நான். இதைச் சொல்ல எனக்குத் துளியும் வெட்கமில்லை. (பொய். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் என் வாயால் சொல்ல மாட்டேன். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறார்கள். காத்திருக்கட்டும்.)

நான் திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். எங்கள் தொழிலில் சாம்பிள் இல்லாமல் ஒரு ஊசிகூட நகராது. வெளிநாட்டு பையர் டீ-சர்ட் கேட்டால் உடனே நூற்றுக்கணக்கில் தைத்துத் தள்ளிவிட மாட்டோம். முதலில் ஒன்று தைத்து அனுப்புவோம். கை நீளம் ஜாஸ்தி என்பான். இன்னொன்று போகும். கழுத்து இறங்குகிறது என்பான். இன்னொன்று போகும். மூன்றாவதைப் பார்த்து 'சரி' என்று அவன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆர்டர் ஓடும். அந்த மூன்று சாம்பிளும் ஆர்டர் கணக்கில் சேராது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் மானம் போனது அதில்தான்.

நாற்பது வயதுக்கு மேல் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் போனஸைச் சேர்த்து வைத்து, பழைய கார் ஒன்றை என் பெயரிலேயே வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. என் வீட்டுக்காரர் சிவகுமார் நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்த மட்டும் தெரியும். எங்கள் மகள் யாழினி பத்தாவது படிக்கிறாள், என் கட்சி.

எதிர்க்கட்சி, திருப்பூருக்குள்ளேயே இருக்கும் ராயபுரத்து மாமா. அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். (மச்சாண்டார் முறை. கூப்பிடுவது மாமா என்று, அவர் வீட்டம்மாவை அக்கா என்று.) தங்கமான மனுஷன், அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் யார் எங்கே கிளம்பினாலும், "டிரைவரை அனுப்பறேன்" என்பார். வேண்டாம் என்றால், "அட, சும்மா கூட்டீட்டுப் போங்க" என்பார். அவர் டிரைவரோடு போனால், நாம் எங்கே டீ குடித்தோம், யாரோடு சண்டை போட்டோம், எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதெல்லாம் நாம் வீடு திரும்பும் முன்பே ராயபுரத்துக்குத் தெரிந்திருக்கும்.

இந்த நிலையில்தான் யாழினி ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "அம்மா, கார்லயே படுத்துத் தூங்கி கேம்ப்பிங் போலாம்மா" என்றாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. கொடைக்கானலுக்கு மேலே ஒரு கிராமத்தில், கேரட் தோட்டத்துக்குப் பக்கத்தில், புல்வெளியில் வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் தருகிறார்கள் என்று தெரிந்தது. ராயபுரத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

மாமா காபி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார். "ஏன் அம்மிணி, ஊடு வாசல் இருக்கறவங்க எதுக்கு வண்டிக்குள்ள போய்ப் படுக்கோணும்?"

"ஆசைங்க மாமா."

"டிரைவரை அனுப்பட்டுமா?"

"அவரு எங்கீங்க மாமா படுப்பாரு? வண்டிக்கு மேலயா?"

மீதிக் காபியைக் குடித்து முடித்தார். பிறகு, "செரி, போயிட்டு வா. ஆனா ஒண்ணு. வழியில எங்காச்சு நின்னுபோயி, 'மாமா காப்பாத்துங்க'ன்னு எனக்கு ஒரு ஃபோன் வந்துச்சு, அத்தோட சாவி இங்க, இந்த ஆணியில தொங்கும். அப்புறம் டிரைவர் போட்டுத்தான் உன்ற வண்டி நகரோணும். சம்மதமா?" என்றார்.

என் வீட்டுக்காரர் 'வேண்டாம்' என்று கண்ணைக் காட்டினார். நான் அவரைப் பார்க்கவே இல்லை.

"சம்மதமுங்க மாமா" என்றேன்.

ஆக, மலை ஏறுவது பெரிதில்லை. அங்கே வண்டி நின்றுபோனால் மாமாவைக் கூப்பிடாமல் இறங்கி வர வேண்டும். அதற்கு எனக்கு ஒரே வழி, வண்டி நின்ற இடத்துக்கே ஆள் அனுப்பும் சாலையோர உதவித் திட்டம். அதில் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வாங்குவது என்றால் என்ன, மற்றவர்கள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டா வாங்குவேன்? மூன்று கம்பெனியின் திட்டங்களை எடுத்து, கம்பெனியில் நூல் கொட்டேஷன் ஒப்பிடுவது போலக் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். ஒன்று வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் என்று வரம்பு போட்டிருந்தது. மலைக்குப் பாதி வழியில் அந்த வரம்பு முடிந்துவிடும். இன்னொன்று தார் ரோட்டில் நின்றால்தான் வருவோம் என்றது. மண் ரோட்டில் நிற்பது வண்டி இல்லையா? மூன்றாவதுதான் மலை, மண் ரோடு, கேம்ப்பிங் இடம் எல்லாவற்றுக்கும் வருவதாகச் சொன்னது. அந்த விற்பனைப் பையனை அரை மணி நேரம் ஃபோனில் பிழிந்தேன்.

"ஒரு மணி நேரத்துல ஆள் வந்துரும்னு போட்டிருக்கீங்க. டாலரன்ஸ் எவ்வளவுங்க?"

"மேடம்?"

"முன்ன பின்ன எத்தன நிமிஷம்? எங்க பனியன்ல அரை சென்டிமீட்டர் கூடுனாலே பையர் திருப்பி அனுப்பீருவான். உங்களுது எவ்வளவு?"

"அது... டிராஃபிக்கைப் பொறுத்து மேடம்."

"டிராஃபிக்கைப் பொறுத்துன்னு எழுத்துல போட்டிருக்கீங்களா?"

பாவம், அந்தப் பையன் கடைசியில், "வாங்கிட்டுப் பாருங்க மேடம்" என்று கெஞ்சினான். வாங்கினேன். பதினோராவது வரியில் 'வருடத்துக்கு மூன்று இலவசச் சேவைகள்' என்று இருந்ததையும் படித்தேன். படிக்கவில்லை என்று பின்னால் கதை கட்டினார்கள். படித்தேன். அடிக்கோடே போட்டேன். ஃபாரத்தில் 'அவசரத் தொடர்பு எண்' என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட ஃபாரமானாலும் சரி, கேஸ் கனெக்‌ஷனானாலும் சரி, அந்தக் கட்டத்தில் எழுதுவது ராயபுரத்து மாமாவின் நம்பர்தான். என் வீட்டுக்காரருக்கு மெஷின் இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. கை தன்னால் அந்த நம்பரை எழுதிவிட்டது.

இப்போது சொல்லுங்கள். மூன்று பேர் அந்தத் திட்டத்தை நம்பி மலைக்குப் போகிறோம். வருகிறவன் எப்படி வருவான், என்ன செய்வான், எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்காமல் போக முடியுமா? ஒரு பனியனுக்கே மூன்று சாம்பிள் பார்க்கிறவள் நான்.

முதல் ஞாயிறு, டயர் சாம்பிள். என் வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் போன பிறகு, முன் டயரில் காற்றை நானே இறக்கிவிட்டு ஃபோன் பண்ணினேன். யாழினி ஸ்டாப்வாட்சோடு கேட்டில் நின்றாள். நாற்பத்தோரு நிமிஷத்தில் பைக்கில் ஒருவர் வந்தார். பெயர் செல்வின். தூத்துக்குடிப் பக்கம். அவர் டயரைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டிய ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதி, ஃபோட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

"யக்கா, எதுக்கு இம்புட்டு ஃபோட்டோ?" என்றார்.

"ரிப்போர்ட்டுக்குங்க."

ரிப்போர்ட்டில் வேலைக்கு முழு மார்க் போட்டேன். அவர் போட்டிருந்த கம்பெனி டீ-சர்ட்டில் தோள் பட்டையில் தையல் விட்டிருந்தது, அதை 'பெரிய குறை' என்று தனியாகக் குறித்தேன். (குறைதானே? யூனிஃபார்மே இப்படி என்றால் வேலை எப்படி இருக்கும் என்று ஒரு வாடிக்கையாளர் நினைக்க மாட்டாரா?)

இரண்டாவது ஞாயிறு, பேட்டரி சாம்பிள். பொய் சொல்லிச் சாம்பிள் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் சனிக்கிழமை மாலையே ஹெட்லைட்டைப் போட்டு விட்டுவிட்டு, பேட்டரியை நிஜமாகவே சாகடித்தேன். மறுபடி செல்வின்தான் வந்தார். சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயரை எடுத்து, இன்னொரு பேட்டரியோடு இணைத்து உயிர் கொடுத்தார். போகும்போது, "யக்கா, ஒரு ஜோடி ஒயர் வாங்கி டிக்கியில போட்டுக்கிடுங்க. அப்புறம், பேட்டரிய இப்படி முழுசா எறங்க விடாதிய, அது மனசுல வச்சுக்கிடும்" என்றார். ஒயரை அன்றைக்கே வாங்கினேன். இரண்டாவது புத்திமதியை நோட்டில் எழுதியதோடு சரி.

மூன்றாவது ஞாயிறு, டோயிங் சாம்பிள், அதாவது வண்டியைக் கட்டி இழுத்துப் போவது. பேட்டரியின் ஒரு முனையை நானே கழற்றிவிட்டு ஃபோன் பண்ணினேன். செல்வின் டோயிங் லாரியோடு வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். யாழினியின் கையில் இருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தார்.

"யக்கா, இது தானா கழண்டதா, நீங்க கழத்துனதா?"

"அதெல்லாம் எதுக்குங்க? இழுத்துட்டுப் போங்க, பாக்கறேன்."

மனுஷன் கொக்கியை எடுத்து மாட்டினார். என் கார் லாரிக்குப் பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நெருப்பெரிச்சல் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஊர்வலம் போய்த் திரும்பியது. எங்கள் கம்பெனி வேனில் ஓவர்டைமுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஒவ்வொருத்தியாக வந்து, "மேடம், வண்டி போச்சாங்களா?" என்று துக்கம் விசாரித்தார்கள். நான் கம்பீரமாக, "சாம்பிள் அப்ரூவ்டு" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை கிளம்பினோம். பின் சீட்டை மடக்கி, ஏற்றுமதியில் மீந்த ஃப்ளீஸ் துணியை நாலு அடுக்காக விரித்து மெத்தை போட்டேன். ஜன்னலுக்கு, கலர் மாறிப்போய் ரிஜெக்ட் ஆன நீலத் துணியில் எலாஸ்டிக் வைத்துத் திரை. (திருப்பூர்க்காரி துணியைக் கடையில் போய் வாங்கினால் அதைவிட அவமானம் வேறு இல்லை.) பழனி அடிவாரத்தில் முருகனைக் கும்பிட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மலைப்பாதையில் நான் ஓட்டிய அழகை நானே சொல்லக் கூடாது, ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லாததால் சொல்கிறேன், அற்புதமாக ஓட்டினேன். என் வீட்டுக்காரர் பத்தாவது வளைவுக்கு மேல் "பிரேக்கு" சொல்வதையே நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் கேரட் தோட்டத்தை அடைந்தோம். யாழினி வண்டியைச் சுற்றிக் குட்டிக் குட்டி விளக்குகள் கட்டினாள். அவள் ஃபோனுக்குச் சார்ஜ், என் வீட்டுக்காரருக்குப் பாட்டு, எனக்குச் சின்ன ஃபேன், எல்லாம் வண்டி பேட்டரியில்தான் ஓடின. யாழினி அதை ஃபோட்டோ எடுத்து, இடத்தின் பெயரோடு ஸ்டேட்டஸ் போட்டாள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இல்லை என்று அவரிடமே சொன்னேன். அவர் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

காலையில் எழுந்து, எல்லாவற்றையும் சுருட்டி வைத்து, சாவியைத் திருகினேன். 'டிக்' என்றது. இன்னொரு தடவை திருகினேன். அந்த 'டிக்'கும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் மெதுவாக, "அண்ணனை..." என்று ஆரம்பித்தார்.

"பேசாம இருங்க. இதுக்குத்தான பிளான் வாங்கியிருக்குது" என்றேன்.

தோட்டக்காரரின் ஜீப் கேரட் ஏற்றிக்கொண்டு விடியும்போதே சந்தைக்குப் போயிருந்தது. பக்கத்துக் கூடாரங்களில் இருந்தவர்கள் எல்லாரும் பைக்கில் வந்த காலேஜ் பையன்கள். அவர்கள் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். என் தேர்வின் அருமை நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

எடுத்தது ஒரு பெண் குரல். தேனாகப் பேசியது. இடம் கேட்டது, வண்டி நம்பர் கேட்டது. பிறகு, "சாரி மேடம். உங்க பிளான்ல வருஷத்துக்கு மூணு சர்வீஸ். மூணுமே முடிஞ்சிருச்சு மேடம்" என்றது.

"முடிஞ்சிருச்சா? எப்பங்க?" என்று கேட்டது நான் இல்லை, என் வீட்டுக்காரர்.

"இந்த மாசம் முதல் ஞாயிறு டயர் சார். அடுத்த ஞாயிறு பேட்டரி. அதுக்கடுத்த ஞாயிறு டோயிங் சார்."

அவர் என்னைப் பார்த்தார். யாழினி கேரட்டைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அதெல்லாம் சாம்பிளுங்க!" என்றேன் ஃபோனில். "சாம்பிள் எந்த ஊர்ல ஆர்டர்ல சேரும்?"

"மேடம்?"

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க எப்படி வர்றீங்கன்னு செக் பண்ணுனேன். அது கணக்குல வராது. உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க."

மேனேஜரும் வந்தார். அவருக்கும் சாம்பிள் என்றால் என்ன என்று முதலிலிருந்து விளக்கினேன். சர்வீஸ் கேட்டு, ஆள் வந்து, நான் கையெழுத்தும் போட்டால் அது சர்வீஸ்தான் என்றார். இனித் தனியாகக் கட்டணம் கட்டினால் ஆள் அனுப்புகிறோம், ஆனால் சாயங்காலம் ஆகும் என்றார். அதோடு விட்டாரா? "தப்பா நினைக்காதீங்க மேடம், ஒரே மாசத்துல மூணு தடவை நின்ன வண்டியை மலைக்கு எடுத்துட்டுப் போறது சேஃப் இல்லீங்க" என்று புத்தி வேறு சொன்னார். காலேஜ் பையன்களில் ஒருவனுக்கு டீ புரை ஏறிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கோபத்தில் வந்த அழுகைதான், இருந்தாலும் அழுகை அழுகைதானே.

வைக்கும் முன், "வழக்கம்போல உங்க அவசரத் தொடர்பு எண்ணுக்கு மெசேஜ் போயிரும் மேடம்" என்றார் மேனேஜர்.

"வழக்கம்போலன்னா?"

"ஒவ்வொரு தடவையும் போகும் மேடம். மூணு தடவையும் போயிருக்கு."

யாழினி என் காதருகில் வந்து, "அம்மா, அது பெரியப்பா நம்பர்" என்றாள்.

அந்த நிமிஷமே என் ஃபோன் அடித்தது. ராயபுரத்து மாமா. சுவரில் இருக்கும் அந்த ஆணி கண் முன்னால் தெரிந்தது. போச்சு, என் சாவி போச்சு, இனி காலம் பூராவும் அந்த டிரைவரின் பின் மண்டையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"அம்மிணி" என்றார். குரல் வழக்கத்துக்கு மாறாகச் சின்னதாக இருந்தது. "நல்லா இருக்கறீங்களா?"

"இருக்கறோமுங்க மாமா."

"அது வந்து... உன்ற அந்தக் கம்பெனி ஆளுங்க உடனே வர்றாங்களாமே. அவங்களைக் கொஞ்சம் இங்க அனுப்பு சாமி."

"எங்கீங்க மாமா?"

"உங்களுக்குக் கீழதான். மண் ரோட்டுல ரெண்டாவது வளைவு. டயர் போயிருச்சு."

நோட்டையும் ஃபோனையும் எடுத்துக்கொண்டு, யாழினியோடு கீழே நடந்தேன். இரண்டாவது வளைவில் மாமாவின் பெரிய கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மாமா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் இல்லை. முழங்கால் வரைக்கும் சேறு.

"ஆளு எங்க அம்மிணி?"

"நாந்தானுங்க மாமா ஆளு. நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

மாமா ஜாக்கியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூணு மெசேஜு வந்துச்சு. டயரு, பேட்டரி, அப்புறம் இழுத்துட்டே போனாங்கன்னு. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன், சொல்லல. போகவேண்டாம்னு சொன்னா நீ கேக்கவா போற? அதான் பின்னாலயே வந்துட்டேன். ராத்திரி லாட்ஜ்ல படுத்துட்டு, காலையில பாப்பா போட்ட ஸ்டேட்டஸைப் பாத்து வந்தேன்."

"டிரைவருங்க?"

"அவன் ஊர் பூரா சொல்லிருவான் அம்மிணி" என்றார்.

எனக்கு அவர் மேல் ஆத்திரமாகவும் இருந்தது, பாசமாகவும் இருந்தது. பதினைந்து வருஷமாக மலைப்பாதையில் வண்டி ஓட்டாத மனுஷன், எங்களுக்காகத் தனியாக ஏறி வந்திருக்கிறார். அதற்காக அவரைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா? நோட்டைத் திறந்தேன்.

முதல் சாம்பிளில் எழுதியது அப்படியே இருந்தது. ஹேண்ட் பிரேக் போடு. மற்ற டயருக்குக் கல் வை. தூக்கும் முன்னாலேயே நட்டைத் தளர்த்து. யாழினி ஃபோட்டோவைக் காட்டக் காட்ட, நான் ஏறி மிதித்து நட்டைத் தளர்த்தினேன். செல்வினுக்குப் பதினைந்து நிமிஷம் ஆன வேலை, எனக்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. டாலரன்ஸுக்கு வெளியேதான், ஆனால் டயர் மாட்டியாயிற்று. மாமா கழற்றிய நட்டுகளைத் துண்டில் முடிந்து வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு, "இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கற, அப்புறம் எதுக்கு நடந்து வந்த? வண்டி எங்க?" என்றார்.

ஜாக்கியோடு மல்லுக்கட்டியதில் நாலாவது மெசேஜை அவர் பார்த்திருக்கவில்லை, நானே சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று ஞாயிறையும் சேர்த்து. மாமா கேட்டுக்கொண்டே வந்தவர், ஸ்டாப்வாட்ச் வந்த இடத்தில் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் வண்டியில் ஏறி மேலே வந்தோம். டிக்கியில் நான் வாங்கிப் போட்ட ஒயர் இருந்தது, அவர் வண்டியில் உயிருள்ள பேட்டரி இருந்தது. நோட்டு கையில் இருந்தாலும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ள செல்வினுக்கு ஃபோன் பண்ணினேன். எடுத்தவுடன், "யக்கா, இன்னைக்கு என்ன சாம்பிளு?" என்றார்.

"இன்னைக்கு நிஜமுங்க."

அவர் சொல்லச் சொல்ல மாட்டினேன். சிவப்பு இங்கே, சிவப்பு அங்கே, கறுப்பு அங்கே, கடைசிக் கறுப்பு மட்டும் பேட்டரியில் இல்லை, என் இன்ஜினின் இரும்பில். மாமா அவர் வண்டியை உறும விட்டார். ஐந்து நிமிஷம் கழித்து நான் சாவியைத் திருகினேன். கிளம்பிவிட்டது! காலேஜ் பையன்கள் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார், நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மாமா ஒயரைச் சுருட்டிக்கொண்டே தொண்டையைச் செருமினார். "செரி அம்மிணி. இப்ப அந்தச் சாவி விஷயம்..."

இதற்குத்தான் காத்திருந்தேன். "பேசுன பேச்சு என்னங்க மாமா? நின்னுபோயி, நான் உங்களைக் கூப்பிட்டாத்தான் சாவி ஆணியில தொங்கும். நான் கூப்பிடவே இல்லீங்க. யாரு யாரைக் கூப்பிட்டாங்கன்னு உங்க ஃபோனை எடுத்துப் பாருங்க."

மாமா நிஜமாகவே ஃபோனை எடுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அந்த மலையில் இருந்த குருவியெல்லாம் பறந்திருக்கும். இறங்கும்போது என் வண்டி முன்னால் போயிற்று. அவர் பின்னால் வந்தார்.

ஒரே ஒரு விஷயத்தை இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் லேபில் துணியின் பலத்தைச் சோதிக்க அதைக் கிழியும் வரைக்கும் இழுத்துப் பார்ப்போம். அப்படிக் கிழித்துப் பார்த்த துணியை யாரும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். நான் ஒரு தடவை சாகடித்துப் பார்த்த அதே பேட்டரியைத்தான் மலைக்கு ஏற்றிப் போனேன். செல்வின் சொன்னது சரிதான், அது மனசில் வைத்துக்கொண்டது. (இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். டெஸ்ட் ரிப்போர்ட் தாமதமாக வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.)

அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் எனக்கு நிம்மதி இல்லை. மிக்ஸி வாங்கினால், "சாம்பிள் பாத்தாச்சுங்களா?" பெண் பார்க்கப் போனால், "மூணு தடவை பாத்துட்டுத்தான முடிவு சொல்லுவீங்க?" வளைகாப்பில் பாயசம் ஊற்றும்போது, "இது சாம்பிளா, ஆர்டரா?" எல்லாவற்றையும் பரப்பியது டிரைவர் இல்லை, என் வீட்டுக்காரர். நான் ஒவ்வொருவரிடமும் அதே பதிலைத்தான் சொல்கிறேன். நான் சாம்பிள் பார்க்காமல் விட்டிருந்தால், அன்றைக்கு மலையில் இரண்டு காரும் நின்றிருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமைத்துக்கொண்டிருந்தபோது என் ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. 'உங்களை அவசரத் தொடர்பாகக் குறிப்பிட்டவரின் வாகனம் ராயபுரத்தில் பழுதாகி நிற்கிறது.' மாமாவுக்கு ஃபோன் பண்ணினால் எடுக்கவில்லை. எப்போதும் எடுக்கிற மனுஷன். அடுப்பை அணைத்துவிட்டு, மாவுக் கையோடு சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். புஷ்பா தியேட்டர் பக்கம் டிராஃபிக்கில் அடித்த ஹாரனில் என் காதே அடைத்துப்போயிற்று.

ராயபுரத்தில் மாமாவின் கார் வாசலில் ஜம்மென்று நின்றது. மாமா கேட்டில் சாய்ந்துகொண்டு, கையில் வாட்சை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க மாமா ஆச்சு? வண்டிக்கு என்னங்க?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லையே. நானும் அந்தப் பிளான் ஒண்ணு வாங்கினேன். இந்த வருஷம் நானும் உன்ற அக்காளும் மட்டும் கொடைக்கானல் மலைக்குப் போலாம்னு இருக்கறோம். அதான் சாம்பிள் பாத்தேன்" என்றார் மாமா.

எனக்கு வந்த கோபத்தில் மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டேன். "கம்பெனி ஆளு வந்தாச்சுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் வரல. நீ இருவத்தி மூணு நிமிசத்துல வந்துட்ட" என்று வாட்சை என்னிடம் காட்டினார். பிறகு உள்ளே திரும்பி, "காபி போடு, சாம்பிள் பாஸ் ஆயிருச்சு" என்று சத்தம் போட்டார்.